நூறு துளைச் சுவர்

பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் மார்கோசா சாலைக்கும் சம்பிகே சாலைக்கும் இடையிலுள்ள குறுக்குத் தெருக்களில், ஓட்டுக் கூரையும் முன்புறத் தோட்டமுமாக இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. கட்டடம் தரைக்கு மேலே வந்த பிறகுதான் தெருவில் போகிறவர் கண்ணில் படுகிறது. அதற்கு முன்பே, பள்ளத்துக்குள், தண்ணீரோடு காலம் முழுக்க மல்லுக்கட்டப்போகும் சுவர்கள் வார்த்து மூடப்பட்டுவிடுகின்றன: குடிநீர் சம்ப், மழைநீர்த் தொட்டி, கார் நிறுத்தும் அடித்தளம், கட்டடம் பெரிதானால் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி. ஷட்டரிங் பிரித்த மறுநாள் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தால், சாம்பல் நிறச் சுவரில் நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக விரல் நுழையும் துளைகள் இருக்கும். சிலவற்றில் வெள்ளை பி.வி.சி. குழாயின் வாய் தெரியும். எதிரெதிர்ப் பலகைகளை இழுத்துப் பிடித்த டை ராட் கம்பிகள் இருந்த இடங்கள் அவை.

இந்தத் துளைகளை எப்படி அடைப்பது என்ற கேள்விக்குக் கட்டுமானத் தொழிலில் பல விடைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, விற்பனையாளர்களும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துளை ஒழுகுமா ஒழுகாதா என்பதில் பாதிக்கு மேல், அடைக்கும் நாளில் தீர்மானமாவதில்லை. எந்த டை என்று ஷட்டரிங் ஒப்பந்தக்காரர் தேர்ந்த அன்றே அது தீர்மானமாகிவிடுகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது, துளையை அடைக்கும் வேலைக்குக் கூலி யார் தருகிறார் என்பது.

துளை ஏன் வருகிறது? ஈரக் கான்கிரீட் ஒரு கனமான திரவம். கன மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எடை. மூன்று மீட்டர் உயரச் சுவரை ஒரே மூச்சில் வார்த்தால், அடியில் பலகையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏழரை டன் வெளியே தள்ளும். எதிரெதிர்ப் பலகைகள் இரண்டும் விலகாமல் இழுத்துப் பிடிக்கச் சுவருக்குக் குறுக்கே கம்பி வேண்டும். நீளவாக்கிலும் உயரவாக்கிலும் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று வைத்தாலும், கீழ் வரிசைக் கம்பி ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் டன் அளவுக்கு இழுபடும். ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம் உள்ள ஒரு சம்பை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு சுவர்களின் பரப்பு 54 சதுர மீட்டர்; துளைகள் ஏறத்தாழ 150. இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாலும் நூறுக்குக் கீழே இறங்காது.

பழைய மல்லேஸ்வரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திட்டமிடப்பட்டு, 1898இன் பிளேக் நோய்க்குப் பிறகு வேகமாக நிரம்பிய குடியிருப்பு இது. கல்லாலோ செங்கல்லாலோ கட்டி உட்புறம் பூசிய தொட்டிக்குப் பலகையும் வேண்டாம், டையும் வேண்டாம். காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே, 1997இல் மண்ணுக்கடியிலிருந்து மீட்கப்பட்ட நந்தி தீர்த்தக் கல்யாணியோ வேறு ரகம். கல்யாணி என்பது ஊற்று நீர் உள்ளே வரவேண்டும் என்றே கல் அடுக்கிக் கட்டப்படுவது. சுவர் கசிந்தால்தான் அது குளம். சம்புக்கு எதிர் விதி. உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே வரவும் கூடாது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நீர் தாங்கும் கான்கிரீட் கட்டமைப்புகளுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3370. முதலில் 1965இல் வந்தது. 2009இல் திருத்தப்பட்ட பதிப்பு குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டைக் கேட்டது. விரிசலின் அகலத்தைக் கணக்கில் 0.2 மில்லிமீட்டருக்குள் நிறுத்தச் சொன்னது. அதே விதித்தொகுப்பில், சுவரை முழுதாக ஊடுருவும் போல்ட்டைப் பலகை பிடிப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது என்றும், பயன்படுத்தினால் அகற்றிய பிறகு நீர்க்கசிவு இராதபடி தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. தக்க ஏற்பாடு எது என்பதைப் பொறியாளரே கண்டுகொள்ள வேண்டும். 0.2 மில்லிமீட்டர் விரிசலுக்குப் பக்கம் பக்கமாகச் சூத்திரம் தந்திருக்கும் விதித்தொகுப்பு, 25 மில்லிமீட்டர் துளைக்கு ஒரே ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. விதி எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ‘கூடாது’ என்பதுதான் அவர்கள் உண்மையில் சொன்னது. களத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டது அதற்குப் பின்னால் வரும் ‘பயன்படுத்தினால்’.

இனி டை வகைகள். மிகச் சிறிய வேலைகளில் டை ராடே இருக்காது. கட்டுக்கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் பலகைகளைச் சேர்த்துக் கட்டி, வார்த்த பின் இரண்டு புறமும் நறுக்கிவிடுவார்கள். துளை கண்ணுக்குத் தெரியாததால் பிரச்சினையே இல்லை என்று தோன்றும். முறுக்கிய கம்பியின் இழைகளுக்கு நடுவே சிமெண்ட் பால் முழுதாகப் புகாது. நீருக்கு அது ஆயத்த வாய்க்கால். போதாக்குறைக்குக் கம்பியின் நுனி சுவரின் மேற்பரப்பிலேயே நின்று துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும், அதனால் மேலிருக்கும் பூச்சை அது தள்ளி உடைக்கிறது. இருப்பதிலேயே மோசமான வகை எது என்று கேட்டால், துளையே இல்லாதது போலத் தோன்றும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது பெங்களூரில் அதிகம் காணப்படுவது: பி.வி.சி. குழாய்க்குள் போகும் திருகு மரைக் கம்பி, இரு முனைகளிலும் விங் நட். குழாய் கான்கிரீட்டுக்குள் தங்கிவிடும். கம்பியை உருவி அடுத்த வேலைக்குக் கொண்டுபோகலாம். ஜெர்மன் முறை ஷட்டரிங்கில் 15 மில்லிமீட்டர் ராடும், அதன்மேல் 22 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயும் வழக்கம். குழாயின் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் கோன் செருக வேண்டும். கோன் இரண்டு வேலை செய்கிறது. பலகைக்கும் குழாய்க்கும் நடுவே சிமெண்ட் பால் ஒழுகாமல் தடுக்கிறது. பிரித்தெடுத்த பின் அடைப்பதற்கு வாகாக ஒரு குழியும் விட்டுச்செல்கிறது. இந்தக் கோன்கள் சில்லறை விலைப் பொருள்தான், ஆனால் வேலையிடத்தில் முதலில் காணாமல் போவதும் இவைதான். கோன் இல்லாமல் வார்த்தால் குழாய் முனையைச் சுற்றிப் பால் வடிந்து, ஜல்லி மட்டும் நின்று, ஹனிகோம்ப் உண்டாகும். அப்புறம் துளையை எவ்வளவு அழகாக அடைத்தாலும் நீர் துளையைச் சுற்றிக்கொண்டு போகும். ‘டை ஹோல் ஒழுகுகிறது’ என்று சொல்லப்படும் கசிவுகளில் கணிசமானவை துளையின் கசிவே அல்ல. துளையின் கரைக் கசிவு.

மூன்றாவது வகை, நீர்த் தொட்டிக்கென்றே உருவானது. கம்பியின் நடுப்பகுதி கான்கிரீட்டிலேயே புதைந்துவிடும். முனைத் துண்டுகள் மட்டும் மரையில் கழன்று வரும், அல்லது வளைத்து முறித்தால் உள்ளே ஒடியும். நடுவில் வட்டமாக ஓர் இரும்புத் தகடு அல்லது நீர்பட்டால் உப்பும் ரப்பர் வளையம் இருக்கும். கம்பியை ஒட்டி ஓட வரும் நீரை அது குறுக்கே மறிக்கும். சுவரில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரியும் துளை என்று எதுவும் இராது. இருபுறமும் ஓரிரு அங்குலக் குழி மட்டுமே, உள்ளே நிற்கும் கம்பிக்கு வேண்டிய கவர் அளவுக்கு. வட அமெரிக்காவில் வீட்டு அடித்தளச் சுவரும் பண்ணைச் சாணத் தொட்டியும் வார்க்கிறவர்கள் முறிக்கும் வகையை மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் இது அரிது. ஒரு முறை போட்டால் திரும்பி வராத கம்பிக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

ஜெர்மனியில் வழங்கும் இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. பி.வி.சி. குழாய்க்குப் பதில் நார்ச் சிமெண்ட் குழாய். கான்கிரீட்டோடு அது ஒரே இனமாக ஒட்டிக்கொள்ளும், வெப்பத்திலும் ஏறத்தாழ அதே அளவுக்கே நீளும். அடைப்பதற்கும் அதே பொருளில் அடைப்பான். பசை தடவி உள்ளே தட்டினால் முடிந்தது. பி.வி.சி.யோ வெப்பத்தில் கான்கிரீட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீளும், சிமெண்டோடு ஒட்டவே ஒட்டாது. மண்ணுக்குள் புதைந்த சம்பில் வெப்பநிலை பெரிதாக மாறாததால் இந்த வேறுபாடு அடங்கிக் கிடக்கலாம். வெயிலில் நிற்கும் பண்ணைத் தொட்டிச் சுவரில் அது தினமும் வேலை செய்யும்.

கடைசியாக, அலுமினிய ஷட்டரிங். எந்த நிறுவனத்துடையதானாலும் நம் தொழிலில் அதற்குப் பெயர் மிவான்தான். அதில் டை தட்டையான பட்டை, அதனால் துளையும் நீண்ட வெட்டு. சுவர்களும் தளமும் சேர்ந்தே வார்க்கப்படும் அந்த அடுக்ககங்களில் வெளிச்சுவரெங்கும் இந்த வெட்டுகள் இருக்கும். சாரல் அடிக்கும் திசையில் படுக்கையறைச் சுவர் ஈரம் பூப்பதற்கு இவையும் ஒரு காரணம். அது தனிக் கதை.

துளையில் நீர் எப்படிப் போகிறது என்பதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கும். மூன்று மீட்டர் நீர் உயரத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ. 26 மில்லிமீட்டர் விட்டத் துளையை அடைத்த கலவையின் முகத்தில் அது கொடுக்கும் தள்ளு ஒன்றரைக் கிலோ சொச்சம். ஒரு சிறிய அரிசிப் பையின் எடை. அடைப்பை நீர் பிடுங்கி எறிந்துவிடும் என்று அஞ்சி உறுதியான எம்60 கிரவுட் தேடுகிறவர்கள், கேட்கப்படாத கேள்விக்கு விடை தேடுகிறார்கள். கேள்வி உறுதி பற்றியதல்ல, இடைவெளி பற்றியது.

அடைப்புக்கும் துளைச் சுவருக்கும் நடுவே சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, சுவரின் தடிமன் 200 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இரண்டு வழவழப்பான பரப்புகளுக்கு நடுவே நீர் ஓடும் சூத்திரப்படி அந்த ஒரு துளை வழியே ஒரு நாளில் 85 லிட்டர் அளவுக்கு வெளியேறும். இடைவெளி பாதியானால் நீரும் பாதியாகும் என்று நினைத்தால் தவறு. ஓட்டம் இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. 0.05 மில்லிமீட்டரில் அது பத்துப் பதினொரு லிட்டராக இறங்கிவிடும், 0.2 மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 700 லிட்டராக ஏறிவிடும். உண்மைத் துளை வழவழப்பாக இராது, எனவே இவை மேல்வரம்பு எண்கள். ஆனாலும் விகிதம் பொய்யாகாது. முடி கனத்தில் ஏற்படும் வேறுபாடே காய்ந்த சுவரையும் ஒழுகும் சுவரையும் பிரிக்கிறது. மிக மெல்லிய இடைவெளியைக் கான்கிரீட் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. கரைந்து வரும் சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் பூப்பாகப் படிந்து வழியை மூடும். அது நடக்க வேண்டுமானால் நீர் மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போகும் நீர் சுண்ணாம்பைப் படிய விடுவதில்லை, அரித்துக்கொண்டு போகிறது.

சரி, அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? பலரும் சிமெண்டின் சுருக்கத்தைப் பழிப்பார்கள். சுருக்கம் உண்டு. ஆனால் படுக்கைவாக்கில் இருக்கும் துளையில் பெரிய குற்றவாளி வேறு: தளர்வாகக் குழைத்த கலவை. கொத்தனார் கரண்டி நுனியால் இரு புறமும் கலவையை அப்பி, வாயைத் தேய்த்து விடுகிறார். நடுவே குழாய் காலி. அப்படியே உள்ளே கொஞ்சம் போனாலும் ஈரக் கலவை கீழே தொய்ந்து, துளையின் மேற்பாதியில் பிறை வடிவில் இடைவெளி விட்டுவிடும். 0.1 மில்லிமீட்டர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வெளியே பார்த்தால் வட்டமான, வழித்த, நேர்த்தியான அடைப்பு.

இதற்கான மருந்தை அமெரிக்க நீர்ப்பாசன அணைகளைக் கட்டிய அரசுத் துறையான பியூரோ ஆஃப் ரெக்லமேஷன் தன் கான்கிரீட் கையேட்டில் வெகு காலமாகவே எழுதி வைத்திருக்கிறது. பெயர் டிரை பேக். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டரைப் பங்கு சலித்த மணல். நீர், கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கவும் உள்ளங்கையில் லேசாக ஈரம் படவும் போதுமான அளவுக்கு மட்டும். துளையை ஈரப்படுத்தி, ஆனால் நீர் தேங்காமல், ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கட்டையால் இடித்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். கட்டை மரமாக இருக்க வேண்டும், இரும்பாக இருக்கக் கூடாது. இரும்பு முனை ஒவ்வோர் அடுக்கின் முகத்தையும் மெருகேற்றிவிடும், அடுத்த அடுக்கு அதில் ஒட்டாது. 200 மில்லிமீட்டர்ச் சுவரில் ஒரு துளைக்கு இருபது அடுக்கு. நூற்றைம்பது துளைக்கு மூவாயிரம். இதைச் செய்ய ஒருவருக்குப் பல நாள் ஆகும். பொருள் செலவு ஒன்றுமே இல்லை, கூலி மட்டும்தான். நம் சந்தை இதை ஏன் விரும்புவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

டப்பாவில் வரும் பொருள்களும் பல. நான்-ஷ்ரிங்க் கிரவுட் நல்லதுதான். கீழிருந்து மேலாகப் பம்பு செய்து, எதிர்ப்புறம் காற்றோடு சேர்ந்து வழியும்வரை நிரப்பினால். கரண்டியில் எடுத்து அப்பினால் அதுவும் சாதாரணக் கலவைதான், விலை மட்டும் அதிகம். மூன்று நான்கு நிமிடத்தில் இறுகும் பிளக் சிமெண்ட், ஓடிக்கொண்டிருக்கும் கசிவை நிறுத்தும் முதலுதவி. அதையே முழு மருத்துவமாக நம்புவது தவறு. எபாக்சி ஒட்டும் வலிமை மிக்கது, ஆனால் பெரும்பாலான வகைகளுக்குக் காய்ந்த சுவர் வேண்டும், மழைக்காலப் பள்ளத்தில் அது கிடைக்காது. நீரில் உப்பும் ரப்பரையோ பெண்டோனைட்டையோ துளையின் நடுவில் வைத்து இரு புறமும் டிரை பேக் இடிப்பது எனக்குச் சரியான கூட்டணியாகப் படுகிறது: கலவை விட்ட முடியளவு இடைவெளியை ரப்பர் உப்பி நெருக்கும், ரப்பர் வெளியே பிதுங்காமல் கலவை பிடிக்கும். ரப்பரை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் அது உப்பும் வேகத்தில் மூடியைத் தள்ளிவிடும்.

பி.வி.சி. குழாயை உள்ளேயே விடலாமா, எடுக்க வேண்டுமா? தொழிலில் இன்னும் தீராத வழக்கு இது. விடலாம் என்பவர்களின் வாதம்: துளைக்கருவி போட்டுக் குழாயைக் குடைந்தெடுத்தால் சுற்றியிருக்கும் இளம் கான்கிரீட் அதிரும், சில இடங்களில் கம்பியில் இடிக்கும், பேசாமல் குழாய்க்குள் இறுக்கும் ரப்பர் பிளக் போடுங்கள். எடுக்க வேண்டும் என்பவர்களின் வாதம்: பிளக் குழாயின் உள்பக்கத்தை அடைக்கிறது, குழாயின் வெளிப்பக்கத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒட்டாத பரப்பு ஒன்று சுவரின் இரு முகங்களையும் சேர்க்கிறதே, அதற்கு யார் பொறுப்பு? மேலே போட்ட கணக்கு இரண்டாமவர் பக்கம் நிற்கிறது. அடித்தளக் கார் நிறுத்தத்தில் குழாயை விட்டு அடைத்தால் வருவது ஈரக் கறை, பொறுத்துக்கொள்ளலாம். குடிநீர் சம்பிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் குழாயை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. முழு நீளத்துக்கும் முடியாவிட்டால், நீர் படும் புறத்தில் பாதி ஆழத்துக்காவது குடைந்து, சுவரைச் சொரசொரப்பாக்கி, அங்கே இடிக்க வேண்டும்.

எந்தப் புறத்திலிருந்து அடைப்பது என்பதில் மல்லேஸ்வரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. முப்பதுக்கு நாற்பது அடி மனையில் பள்ளம் அண்டை வீட்டின் மதிலை ஒட்டித்தான் போகும். வெளிப்பலகை நிறுத்தவே இடமில்லாமல், வெட்டிய மண் முகத்தையே பலகையாக வைத்து, உட்புறம் மட்டும் ஷட்டரிங் அடிக்கிறார்கள். அப்போது டையை எதோடு கட்டுவது? சுவரின் கம்பிக் கூட்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். துளை ஊடுருவவில்லை என்பது உண்மை. ஆனால் சுவரின் முகத்தில் வெட்டப்பட்டு நிற்கும் கம்பி முனை, உள்ளிருக்கும் முதன்மைக் கம்பிக்கே துருவை நேர்வழியில் அழைத்துப்போகிறது. முனையைச் சுற்றிக் குழி செதுக்கி, உள்ளே தள்ளி வெட்டி, அடைக்க வேண்டும். அதைச் செய்பவர் குறைவு. கொஞ்சம் இடம் விட்டு இருபுறமும் பலகை அடித்த மனைகளிலும், மண் நிரப்பிய பின் வெளிப்புறத் துளைகள் என்றென்றைக்கும் கை எட்டாமல் போய்விடும். ஐ.எஸ். 456 படி சுவர்ப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம். பிரித்த வேகத்திலேயே மண் தள்ளும் அவசரம்தான் பல சம்புகளின் தலையெழுத்து.

இனி, மறந்துபோகும் அந்த இரண்டாவது திசை. சாங்கி ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் செப்டம்பர், அக்டோபர் மழையில் நிலத்தடி நீர் மேலேறும். அப்போது பாதி காலியாக இருக்கும் சம்புக்குள் வெளிநீர் துளை வழியே வரும். அது சுத்தமான மழைநீராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பழைய குடியிருப்பில் கழிவுநீர்க் குழாயும் ஆள்நுழை குழியும் சம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. சம்பில் நீர்மட்டம் குறைந்தால் வீட்டார் கூச்சல் போடுவார்கள். நீர்மட்டம் கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. ஒரே நீண்ட தொட்டியைக் குறுக்குச் சுவர்களால் அறைகளாகப் பிரித்திருப்பார்கள்; ஓர் அறையில் வந்த கழிவு, கடைசி அறையில் சுத்திகரித்த நீர். குறுக்குச் சுவரின் டை ஹோல் ஒழுகினால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. சுத்திகரித்த நீரின் பரிசோதனை முடிவு மட்டும் மாதாமாதம் காரணமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். இயந்திரத்தையும் பாக்டீரியாவையும் திட்டித் தீர்ப்பார்கள்.

பெங்களூரைத் தாண்டி ஹெசரகட்டா, தொட்டபள்ளாபுரம், கோலார் பக்கம் போனால் இதே சுவர் பால் பண்ணையில் நிற்கிறது: சாணக் கழுவுநீர்த் தொட்டி, மக்காச்சோளத் தீவனத்தை நொதிக்க வைக்கும் சைலேஜ் குழி, பாசனத் தொட்டி. இங்கே நீரோடு வேதியியலும் சேர்கிறது. நன்றாக நொதித்த சைலேஜின் சாற்றில் லாக்டிக், அசிட்டிக் அமிலங்கள் உண்டு, அதன் பி.எச். 4 அளவில் நிற்கும். அது சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைக்கும். எம்30 சுவரைவிட நுண்துளை மிகுந்த அடைப்புக் கலவையைத்தான் முதலில் தின்னும். சாணத் தொட்டியில் இன்னொரு விந்தை. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, திரவ மட்டத்துக்கு மேலே ஈரமாக இருக்கும் சுவரில் படிய, அங்கே வாழும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். ஆகவே நீரழுத்தமே இல்லாத மேல் வரிசைத் துளைகள்தான் அமிலத்தில் அதிகம் அரிபடும், அழுத்தம் மிகுந்த கீழ் வரிசை கசியும். பண்ணைச் சுவரில் கடைசி ஓரங்குலத்தை எபாக்சிக் கலவையால் மூடுவது ஆடம்பரமில்லை.

ஒழுகினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பண்ணையில் உயிருக்கே ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும் சாணத் தொட்டிக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் அடைப்பு வேலைக்கு இறங்குகிறவர் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடைத்தான் சுவாசிப்பார். அதன் செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தெரியாமலே மயங்கி விழுவார். கழிவுநீர்க் குழாயிலும் மலக்குழியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. தொட்டி காலியாகவும் புதிதாகவும் இருக்கும் அந்தச் சில வாரங்களில் துளையை ஒழுங்காக அடைக்காததன் விலையைப் பிற்பாடு யாரோ ஒரு கூலியாள் தரும்படி ஆகிறது.

துளையே இல்லாமல் தொட்டி கட்ட முடியாதா என்றால், முடியும், முடிந்திருக்கிறது. 1984இல் அஃப்ப்ரோ என்ற அமைப்பு உருவாக்கிய தீனபந்து சாண எரிவாயுக் கலன் செங்கல்லில் வளைத்துக் கட்டப்படுவது. மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அமுல்யா ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா மையம், தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தில் ஊருக்கே பொதுவான எரிவாயுக் கலனை இயக்கிக் காட்டியது. அந்த மரபு முழுக்கக் கொத்து வேலையை நம்பியது. கசிவைத் தடுத்தது பூச்சின் தரம். கம்பி வலைமேல் கலவை பூசும் ஃபெரோசிமெண்ட் தொட்டிக்கும் எதிரெதிர்ப் பலகை வேண்டாம். பண்ணைக் குட்டைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போதும். பத்தாயிரம் லிட்டர் அளவில் கான்கிரீட் வார்ப்பதே தேவைதானா என்று யோசிப்பது நல்லது. அளவு கூடி, மண்ணுக்குள் போய், மேலே காரும் நிற்க வேண்டும் என்றால் வார்த்த சுவரைத் தவிர வேறு வழியில்லை.

அடைத்த வேலை சரியா என்று அறிய வழி, ஐ.எஸ். 3370இலேயே இருக்கிறது. தொட்டியை நிரப்பி, சுவர் ஈரம் குடிக்க ஏழு நாள் விட வேண்டும். அடுத்த ஏழு நாளில் வெளிமுகம் தெரியும் தொட்டியானால் அது காய்ந்தே இருக்க வேண்டும். வெளிமுகம் தெரியாத புதைந்த தொட்டியானால் நீர்மட்டம் 40 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. நம் சம்பின் தரைப் பரப்பு 18 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் என்றால் 720 லிட்டர். நாளுக்கு நூறு லிட்டர் சொச்சம். அடி வரிசையில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடைத்த ஒரே ஒரு துளை நாளுக்கு 85 லிட்டர் விடும் என்று பார்த்தோம். நூற்று நாற்பத்தொன்பது துளைகள் சரியாக இருந்து, ஒன்று மட்டும் இப்படி இருந்தாலே அனுமதித்த அளவில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்; இரண்டு இருந்தால் தொட்டி தேறாது.

இந்தச் சோதனைக்கு 54 ஆயிரம் லிட்டர் தண்ணீரும் இரண்டு வாரமும் வேண்டும். தொட்டியை மூன்று அறைகளாகப் பிரித்துக் கட்டினால் அதுவும் மலைப்பாகத் தெரியாது: ஓர் அறையில் சோதித்த நீரை அடுத்ததற்கு இறைக்கலாம், கடைசியில் அதையே தளம் நனைக்கப் பயன்படுத்தலாம். ஆனால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏற்றி வரும் காவிரியை நம்பி வாழும் ஊரில், 2024 கோடையில் டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்றவர்கள் மத்தியில், தண்ணீரை ‘சும்மா’ நிரப்பி வைப்பது என்றால் கட்டுநர் முகம் சுளிக்கிறார். 2009 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மழைநீர் சேகரிப்பு பெங்களூரில் கட்டாயம். சோதனையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் கூரை நீரே தொட்டியை நிரப்பும். மண் நிரப்புவதற்கு முன்னால் சோதிக்க வேண்டும் என்பது மட்டும் பேரம் பேசக் கூடாதது. அப்போதுதான் ஈரம் பூத்த துளையைச் சாக்பீஸால் வட்டமிட்டு, வெளியிலிருந்தே திருத்த முடியும்.

இத்தனை தெரிந்தும் சுவர் ஏன் ஒழுகுகிறது? ஷட்டரிங் ஒப்பந்தக்காரருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. பலகை பிரித்ததோடு அவர் கணக்கு முடிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த சென்ட்ரிங் ஆட்களாயிருந்தாலும், வடக்கிலிருந்து வந்தவர்களாயிருந்தாலும், டை ராடை உருவி அடுத்த தளத்துக்கு ஓடுவதுதான் அவர்களுக்குச் சோறு போடும். கொத்தனாருக்குப் பூச்சு அளவில் கூலி. துளை அவர் வழியில் கிடக்கும் இடைஞ்சல். வாட்டர் ப்ரூஃபிங் ஒப்பந்தக்காரர் கடைசியாக வருகிறார். அவர் தருவது மேல்பூச்சுக்குப் பத்தாண்டு உத்தரவாதம், துளைக்கு அல்ல. ‘மேல பூசிட்டா சரியாப் போயிடும் சார்’ என்ற வாக்கியம் இந்த மூவருக்கும் பொதுவானது. மூவரும் பொய்யர்களல்ல. அந்தத் துளை யாருடைய அளவைப் புத்தகத்திலும் ஒரு வரியாக இல்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் அதை ஒரு வரியாக்க வேண்டும், ‘டை ஹோல் அடைத்தல், எண்ணிக்கைக் கணக்கில்’ என்று. குழாயைக் குடைந்தெடுத்தல், சொரசொரப்பாக்கல், நடு ரப்பர், டிரை பேக் இடித்தல், ஏழு நாள் நனைத்தல் எல்லாம் சேர்த்து ஒரு துளைக்கு இவ்வளவு. சுவரின் வரைபடத்தில் துளைகளுக்கு எண் போட வேண்டும். அடைத்தவர் எண்ணுக்கு நேரே தேதி எழுத வேண்டும். இருபதில் ஒன்றைப் பொறியாளர் மறுநாளே குடைந்து, உள்ளே நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அடைக்கச் சொல்லலாம். எண்ணிக்கைக் கூலி வந்தால் வாயில் மட்டும் அப்பிவிட்டு எண்ணிக்கை காட்டும் ஆசையும் கூடவே வரும் என்பதால் இந்தக் குடைதல் தேவை. கீழ் இரண்டு வரிசைக்கு மேல் வரிசைகளைவிடக் கூடுதல் கூலி வைக்கலாம். கசிவில் பெரும்பகுதி அங்கேதான். அந்த வரைபடத்தை வீட்டு உரிமையாளரிடமோ சங்கத்திடமோ கட்டட ஆவணங்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்து சம்பின் மட்டம் இரவில் இறங்கும்போது எந்தச் சுவரில், எந்த எண்ணிலிருந்து தேட ஆரம்பிப்பது என்பது தெரியும்.